‘இஃபெடாயோ’ ஃபெலாவின் நகலா?

வாசகர் ஒருவர் கேட்டது: “பிளாக் ட்ரூத் ரிதம் பேண்ட் என்ற டிரினிடாட் குழுவின் ‘இஃபெடாயோ’ (1976) ஆல்பத்தை ஆளாளுக்குத் தூக்கிவைத்துப் பேசுகிறார்கள். கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நைஜீரியாவின் லாகோஸில் பாடகர் ஃபெலா குட்டி செய்ததைத்தானே இவர்கள் கரீபியனில் உட்கார்ந்து நகல் எடுத்திருக்கிறார்கள்? சவுண்ட்வே நிறுவனம் மறுபதிப்புப் போட்டதால் வந்த மவுசு இது என்று நினைக்கிறேன். தப்பென்றால் சொல்லுங்கள்.”

ஜூன் 4, இரவு 11.40

தப்புதான். ‘நகல்’ என்ற சொல்லைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது, காலை வரை பொறுக்க முடியவில்லை.

ஃபெலா பிறந்தது 1938 அக்டோபரில். அடுத்த வருடம், 1939இல், மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளரும் அவர் மனைவி ஃபிரான்சிஸும் டிரினிடாடின் வடகிழக்கு மூலையில் இருக்கும் டோக்கோ என்ற ஊருக்குப் போய்த் தங்கினார்கள். அந்தப் பயணத்தில் அவர்கள் பதிவு செய்தவற்றில் ஷாங்கோ வழிபாட்டுப் பாட்டுகளும் உண்டு. ஷாங்கோ யார்? மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் கும்பிடுகிற இடிமின்னல் தெய்வம். ஆக, ஃபெலா நைஜீரியாவின் அபெயோகுடாவில் தவழ்ந்துகொண்டிருந்த நாளிலேயே யொரூபாப் பாட்டும் மேளமும் டிரினிடாடில் பழைய சரக்கு. யாரிடமிருந்து யார் நகல் எடுத்தார்கள் என்கிறீர்கள்?

ஜூன் 5, காலை

ராத்திரி எழுதியதைத் திரும்பப் படித்தேன். சூடு அதிகம், விஷயம் குறைவு. ஆல்பத்தைக் கேட்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

குழுவை நடத்தியவர் ஒலுகோ இமோ. ஆல்பத்தின் பெயரே யொரூபாச் சொல். உள்ளே ஃபங்க் உண்டு, டிரினிடாடின் பாட்டு வகையான கலிப்ஸோவின் சாயல் உண்டு, புல்லாங்குழல் உண்டு, கட்டைவிரலால் மீட்டுகிற சின்னத் தகட்டுக் கருவியான கலிம்பாவும் உண்டு. ‘சேவ் டி மியூசிஷியன்’ என்ற பாட்டின் தலைப்பை டிரினிடாட் தெருப் பேச்சில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே போட்டிருக்கிறார்கள்.

என் கதை இது. மூன்று வருடம் முன்னால் திருச்சியிலிருந்து இரவுப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். அக்கா மகன் வாட்ஸப்பில் ‘இஃபெடாயோ’ பாட்டின் இணைப்பை அனுப்பி, “மாமா, பேஸை மட்டும் கேளுங்க” என்று எழுதியிருந்தான். கேட்டேன். பேஸ் என்கிற அடிக்குரல் கிட்டார் ஒரே வரியைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, அதன்மேல் கலிம்பா தூறல் மாதிரி விழுகிறது. பாட்டு முடிந்ததும் மறுபடி போட்டேன். விழுப்புரம் தாண்டும்வரை அந்த ஒரே பாட்டுதான்.

ஜூன் 6, மதியம்

கேள்வி கேட்ட நண்பர் பதில் போட்டிருக்கிறார்: “ஊருக்குள் மேளம் இருந்தது சரி. அது பூசைக்கு இருந்தது. பட்டணத்து இளைஞர்கள் எலெக்ட்ரிக் கிட்டாரோடு ஆப்பிரிக்கப் பெயர் வைத்துக்கொண்டு வந்தது ஃபெலாவைப் பார்த்துத்தானே?”

நல்ல கேள்வி. 1970ஐச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

டிரினிடாட் 1962 ஆகஸ்ட் 31 அன்று சுதந்திரம் பெற்றது. கொடி மாறியது, பிரதமர் எரிக் வில்லியம்ஸ் கறுப்பர். ஆனால் வங்கியிலும் பெரிய கடைகளிலும் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் வெள்ளையரும் வெளிர்நிறத்தவருமாகத்தான் இருந்தார்கள். 1969இல் கனடாவின் மான்ட்ரியலில் ஒரு பல்கலைக்கழகத்தில் நிறவெறியை எதிர்த்த மேற்கிந்திய மாணவர்கள் கைதானார்கள். அவர்களுக்கு ஆதரவாக 1970 பிப்ரவரி 26 அன்று போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு ஊர்வலம் கிளம்பியது. அது ராயல் பேங்க் ஆஃப் கனடா வாசலுக்குப் போனது, கத்தோலிக்கப் பேராலயத்துக்குள்ளும் போனது. அடுத்த சில வாரங்களில் ஊர்வலங்கள் பெருத்துக்கொண்டே போயின. ஏப்ரல் 6 அன்று பேசில் டேவிஸ் என்ற இளைஞர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். ஏப்ரல் 21 அன்று அவசரநிலை அறிவித்தார்கள். அதே நாளில் டெட்டெரான் முகாமில் ராணுவத்தின் ஒரு பகுதி கலகம் செய்தது.

அந்தக் காலத்தில் நிறையப் பேர் பெயரை மாற்றிக்கொண்டார்கள். இயக்கத்தின் முன்னணியில் நின்ற கெட்டஸ் கிரேஞ்சர் மகண்டல் டாகா ஆனார். வெள்ளைக்காரப் பண்ணை முதலாளி வைத்த பெயரை ஏன் சுமக்கவேண்டும் என்பதுதான் கணக்கு. ‘பிளாக் ட்ரூத்’ என்ற பெயரும் ‘இஃபெடாயோ’ என்ற தலைப்பும் இந்தத் தெருவிலிருந்து வருகின்றன. லாகோஸிலிருந்து தபாலில் வந்தவை அல்ல.

ஜூன் 6, இரவு

மதியம் எழுதும்போது ஒரு ஆளை விட்டுவிட்டேன். அவரைச் சொன்னால் வழக்கே மாறிவிடும்.

ஸ்டோக்லி கார்மைக்கேல். 1966இல் அமெரிக்காவில் ‘பிளாக் பவர்’ (கறுப்பருக்கு அதிகாரம்) என்ற முழக்கத்தை ஊரறியச் செய்தவர். பிறந்த ஊர் போர்ட் ஆஃப் ஸ்பெயின், 1941. பதினோரு வயதில் நியூயார்க் போனார். பிற்பாடு வில்லியம்ஸ் அரசாங்கம் அவரைப் பிறந்த மண்ணுக்குள்ளேயே விடவில்லை.

இப்போது கோட்டை இழுத்துப் பாருங்கள். டிரினிடாடில் பிறந்த பையன் அமெரிக்கா போய் ஒரு முழக்கத்தைக் கிளப்புகிறான். 1969இல் ஃபெலா தன் குழுவோடு அமெரிக்கா போகிறார். லாஸ் ஏஞ்சலஸில் சான்ட்ரா இசடோர் என்ற பெண் அவருக்குக் கறுப்பர் உரிமைக்குப் போராடிய மால்கம் எக்ஸின் சுயசரிதையைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். அந்தச் சூட்டோடு ஃபெலா லாகோஸ் திரும்புகிறார், அவர் பாட்டே மாறுகிறது. அந்தப் பாட்டு ரெக்கார்டாகச் சுற்றி டிரினிடாடுக்கும் வருகிறது.

போன கடிதத்துக்கு வந்த பதிலைப் பார்த்து, “நீ எழுதியதெல்லாம் நகல்” என்று சொல்வோமா?

ஜூன் 8

ஒரு திருத்தம். மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாகவேண்டும்.

மூன்று வருடமாக ‘இஃபெடாயோ’வில் வரும் ‘இஃபெ’ யொரூபாக்களின் ஆதி ஊரான இலே-இஃபெ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா மகனுக்கும் அப்படித்தான் சொல்லிவைத்தேன். தப்பு. யொரூபா சுரம் வைத்துப் பேசுகிற மொழி. குரல் மேலே, நடுவில், கீழே என்று மூன்று நிலை. எழுத்தெல்லாம் ஒன்றாக இருந்தாலும் குரல் நிலை மாறினால் பொருள் மாறிவிடும். குரல் கீழிருந்து மேலே ஏறினால் ‘இஃபெ’ என்பது அன்பு. நடுவிலிருந்து கீழே இறங்கினால் அதுவே ஊர்ப்பெயர். ‘இஃபெடாயோ’ அன்பைச் சொல்கிறது. பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்.

ஊர்ப்பெயர் என்று நினைத்தபோது அந்தப் பாட்டை ஒரு கொடி மாதிரிக் கேட்டேன். இப்போது தாலாட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்து நிற்கிறது. பாட்டில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் நேற்று கேட்டபோது அந்தக் கூட்டுக்குரல்கள் வேறு மாதிரி இருந்தன.

ஜூன் 11

இன்னொரு திருத்தம், இது பெரிது. முதல் நாள் ராத்திரி, ‘ஊரிலேயே மேளம் இருந்தது, அதுதான் ரெக்கார்டில் கேட்கிறது’ என்கிற தொனியில் எழுதினேன். நேற்று நல்ல ஹெட்ஃபோன் போட்டு மேளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு முழு ஆல்பத்தையும் கேட்டேன்.

யொரூபாத் தெய்வங்களைக் கும்பிடுகிற டிரினிடாடின் ஒரிஷா வழிபாட்டு மேளம் மூன்று உருப்படி: போ, காங்கோ, ஊமெலே. இரண்டு பக்கமும் தோல் கட்டியவை, குச்சியால் அடிப்பார்கள். சின்னதான ஊமெலேயை இரண்டு குச்சியால் விடாமல் தட்டிக்கொண்டே இருப்பார்கள், மற்றவை அதன்மேல் பேசும். குச்சி படும் ஓசையில் ஒரு வறட்டுத்தனம் இருக்கும், கேட்டால் மறக்காது. என் காதுக்கு ரெக்கார்டில் அது இல்லை. உள்ளங்கை பட்டு உருண்டு வருகிற காங்கா மேளம்தான் (மேலே சொன்ன காங்கோ இல்லை) கேட்கிறது. அது கியூபாவில் உருவாகி நியூயார்க் வழியாக உலகம் சுற்றிய மேளம்.

ஆகவே பூசைக்கூடத்திலிருந்து நேராக ஸ்டூடியோவுக்கு என்ற என் முதல் கதை நிற்காது. நண்பர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இந்தப் பையன்கள் ஆப்பிரிக்காவைப் பாட்டியிடமிருந்து மட்டும் வாங்கவில்லை, கடையில் விற்ற ரெக்கார்டிலிருந்தும் வாங்கினார்கள்.

ஆனால் மேளத்துக்கு அந்தத் தீவில் என்ன மதிப்பு என்பதை மறக்கக்கூடாது. 1881இல் கன்பூலே என்கிற கார்னிவல் தீப்பந்த ஊர்வலத்தை நிறுத்தப்போன போலீசோடு ஜனங்கள் மோதினார்கள். 1884இல் சட்டம் போட்டு மேளத்தை ஒடுக்கினார்கள். ஜனங்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தி மேளமாக்கினார்கள், டாம்பூ பாம்பூ என்று அதற்குப் பெயர். அப்புறம் 1930களில் பிஸ்கட் டின், பிறகு எண்ணெய் பீப்பாய். ஸ்டீல்பேன் பிறந்தது அப்படித்தான். ஒரிஷா பூசைக்காரர்களும் வெகுகாலம் போலீசுக்குப் பயந்தே கும்பிட்டார்கள். இதெல்லாம் தெரிந்த ஊரில் கையால் மேளம் அறைந்து ரெக்கார்டு போடுவது சாதாரண காரியமில்லை. காங்காவாக இருந்தாலும்.

ஜூன் 12

ஒருவர் கேட்கிறார், “டிரினிடாடுக்கு யொரூபாக்கள் எப்போது வந்தார்கள்?” சுருக்கமாகச் சொல்கிறேன். அடிமைக் காலத்தில் வந்தவர்கள் உண்டு. 1838இல் அடிமைமுறை முழுசாக ஒழிந்தபிறகு, 1840களிலிருந்து 1860கள் வரை வந்தவர்களும் உண்டு. பிரிட்டிஷ் கடற்படை நடுக்கடலில் மறித்த அடிமைக் கப்பல்களிலிருந்து விடுவித்தவர்களை சியரா லியோனிலும் செயின்ட் ஹெலினாவிலும் இறக்கி, அங்கிருந்து கூலி வேலைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாவதாக வந்தவர்களில் யொரூபாக்கள் நிறைய. இவர்கள் சுதந்திர மனிதர்களாக வந்ததால் பாட்டும் தெய்வமும் அவ்வளவு சிதையவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கலிம்பா வாங்கிவிட்டேன். பதினேழு தகடு வைத்த சாதாரண மாதிரி. இந்த இழையில் வாய்கிழியப் பேசிவிட்டு அந்தக் கருவியைத் தொட்டதே இல்லை என்பது உறுத்திக்கொண்டிருந்தது.

முதல் அதிசயம், சுரம் இடமிருந்து வலமாகப் போகவில்லை. நடுவில் இருக்கிற நீளத் தகடுதான் ‘ஸ’. அடுத்த சுரம் ஒரு பக்கம், அதற்கடுத்தது மறுபக்கம், இப்படி மாறி மாறி வெளியே போகிறது. அதனால் ஆரோகணம் வாசித்தால் இரண்டு கட்டைவிரலும் தானாக மாறி மாறி இறங்குகின்றன. அந்த நடை கருவியின் உடம்பிலேயே இருக்கிறது. ஆர்மோனியத்தில் தேடிப்பிடிக்கவேண்டிய சுரக்கோவைகள் இதில் தானாக விழுகின்றன. அரைமணி நேரத்தில் நகத்தின் ஓரம் சிவந்துவிட்டது. ‘இஃபெடாயோ’வின் தொடக்கத்தைப் பிடிக்கப் பார்த்தேன். நான்கு சுரம் வந்தது, ஐந்தாவது வரவில்லை.

இரண்டாவது விஷயம், இந்தப் பெட்டியின் பூர்வீகம். ‘கலிம்பா’ என்ற பெயரில் இதைச் செய்து விற்கத் தொடங்கியவர் ஹியூ டிரேசி, 1950களில், தென்னாப்பிரிக்காவில். ஆப்பிரிக்காவின் தெற்கிலும் கிழக்கிலும் இருந்த பழைய கருவிகளைப் பார்த்துச் செய்தது. 1970களில் எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் மாரிஸ் வைட் இதை மேடையில் வாசித்துப் பிரபலமாக்கினார். யொரூபாக்களிடம் தகட்டுக் கருவி உண்டு, பெயர் அகிடிக்போ. ஆனால் அது மடியில் வைக்கிற பெரிய பெட்டி, நாலைந்து தகடுதான், குரல் பேஸ் மாதிரி ஆழமாக வரும். அதன் கூட்டத்தைச் சேர்ந்த பெரிய பெட்டிகள் கரீபியனிலும் உண்டு. கியூபாவில் மரிம்புலா, ஜமைக்காவில் ரும்பா பாக்ஸ்.

ஆக, யொரூபாப் பெயர் வைத்த பாட்டில் தகதகவென்று தூறும் அந்தக் கருவி யொரூபாவே இல்லை. ‘கிளிமஞ்சாரோ’ என்று இன்னொரு பாட்டுக்குப் பெயர், அது தான்சானியாவில் இருக்கிற மலை. லாகோஸுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கண்டமே கிடக்கிறது. இந்தக் குழு தேடியது ஒரு நாட்டை மட்டும் இல்லை. ஆப்பிரிக்கா முழுசையும் ஒரே வீடாக நினைத்துக்கொண்டு, கைக்கு எட்டியதையெல்லாம் எடுத்துக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள். ஃபெலாவை மட்டும் பார்த்து எழுதியிருந்தால் கலிம்பா எங்கிருந்து வரும்?

ஜூன் 19

“டிரினிடாடில் தமிழர் உண்டா, இந்த இசையில் நம் கை எதுவும் பட்டதா?” என்று ஒரு தம்பி கேட்கிறார். இழை கொஞ்சம் திசைமாறும், பரவாயில்லை.

1845 முதல் 1917 வரை ஏறக்குறைய 1,45,000 இந்தியர்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்புரிக்காரர்கள். சென்னையில் ஏறியவர்கள் சில ஆயிரம் பேர்தான். அவர்களை மதராசி என்றார்கள். அவர்களோடு தீமிதி போனது. பக்கத்து நாடான கயானாவின் காளி கோயில்களில் அடிக்கிற மேளத்துக்கு இன்றும் தப்பு என்றுதான் பெயர். தமிழ்ப் பேச்சு போய்விட்டது, தப்பு போகவில்லை.

இந்த ஆல்பத்தில் அந்தக் கை இருக்கிறதா என்று கேட்டால், எனக்குக் கேட்கவில்லை. ஆசைக்காக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதே ஊரில், 1973இல், லார்டு ஷார்ட்டி ‘இந்திராணி’ பாட்டில் டோலக்கையும் தந்தாலையும் சேர்த்தார். சோகா என்ற இசை அந்த வழியில்தான் வந்தது. அதற்கும் முன்னால், 1970 மார்ச் 12 அன்று, நான் மேலே சொன்ன அதே கறுப்பு இளைஞர்கள் தலைநகரிலிருந்து கரோனி கரும்புக் காட்டுக்கு நடந்தே போனார்கள். கையில் பிடித்த வாசகம் ‘இந்தியரும் ஆப்பிரிக்கரும் இப்போதே ஒன்றுசேருங்கள்’. அரசியலில் அது நிலைக்கவில்லை. இசையில் வேறு ஒரு வாசல் வழியாக நடந்தது.

ஜூன் 20

தம்பிக்கு: தந்தால் என்பது நீளமான இரும்புக் கம்பி. குதிரை லாட வடிவில் இன்னொரு இரும்புத் துண்டால் அடிப்பார்கள். தாளத்தைக் கோர்த்துப் பிடிக்கிற வேலை அதற்கு.

ஜூன் 27

ஆல்பத்தின் எல்பி இசைத்தட்டு வந்தது. சவுண்ட்வே மறுபதிப்பு. வழியில் எங்கேயோ நனைந்திருக்கிறது. உறையின் கீழ்மூலை ஊறி உப்பிப்போயிருந்தது, உள்ளுறை தட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. விற்றவரிடம் சொல்லியாயிற்று, இன்னும் பதில் இல்லை. மெதுவாக உரித்தேன், ஒரு மயிரிழைக் கீறல்கூட இல்லை. இரண்டு நாள் அரிசிப் பானைமேல் சாய்த்து உலரவிட்டேன்.

ரெக்கார்டு பிளேயரில் கேட்டால் வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்பீர்கள். பேஸில் தெரிகிறது. ஃபோனில் அது ஒரு வரி. இங்கே அறையின் சுவரில் சாய்ந்து நிற்கிற ஆள் மாதிரி இருக்கிறது. டிரினிடாட்காரர்களுக்கு பேஸ்மேல் ஒரு தனிப் பித்து உண்டு. 1974 கார்னிவலில் ஷேடோ என்ற பாடகர் ‘பேஸ்மேன்’ பாடித் தெரு ஊர்வலப் பரிசை அடித்தார், தலைக்குள் உட்கார்ந்துகொண்டு விடாமல் பேஸ் வாசிக்கும் ஒருவனைப் பற்றிய பாட்டு. அதுவரை பதினொரு வருடம் ஸ்பேரோவும் கிச்சனரும் மட்டுமே மாறி மாறி வாங்கிவந்த பரிசு. இரண்டு வருடம் கழித்து வந்த ஆல்பம் ‘இஃபெடாயோ’. இந்த பேஸுக்கு லாகோஸில்தான் ஊற்றுத் தேடவேண்டும் என்றில்லை.

ஜூலை 3, இரவு

கேள்வி கேட்ட நண்பர் மறுபடி வந்திருக்கிறார்: “ஒலுகோ இமோ பிற்பாடு ஃபெலாவோடு சேர்ந்தே ரெக்கார்டு போட்டார் தெரியுமா? அப்போது செல்வாக்கு இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?”

தெரியும். 1980களில் வந்த ‘ஒடுடுவா’. யொரூபாக்களின் மூலமுதல்வன் பெயர் அது. செல்வாக்கு இல்லை என்று நான் இப்போது சொல்லவில்லை. ஜூன் 4 அன்று சொன்னேன், அதை விட்டுவிட்டேன். ஃபெலாவை இவர்கள் கேட்டிருக்கிறார்கள், ரசித்திருக்கிறார்கள், கடைசியில் நேரிலேயே போய்ச் சேர்ந்தும்விட்டார்கள். நகல் எடுத்தவனை ஃபெலா பக்கத்தில் நிறுத்தி வாசித்திருக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

ஃபெலா எங்கிருந்து தொடங்கினார் என்பதையும் பாருங்கள். அவருடைய ஆரம்பக் காலக் குழு கூலா லோபிடோஸ். வாசித்தது ஹைலைஃபும் ஜாஸும். ஹைலைஃப் எங்கே பிறந்தது? இன்றைய கானா நாட்டின் கடற்கரையில். 1870களில் அசாந்தேக்களோடு சண்டைபோட பிரிட்டிஷார் கேப் கோஸ்டிலும் எல்மினாவிலும் மேற்கிந்தியப் படைப்பிரிவை இறக்கினார்கள், கரீபியன் தீவுகளிலிருந்து வந்த கறுப்புச் சிப்பாய்கள். ஓய்வு நேரத்தில் அவர்கள் பித்தளை வாத்தியத்தில் தங்கள் ஊர்ப் பாட்டுகளை வாசிக்க, கரையோர ஃபான்டே இளைஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டு அடாஹா என்ற தங்கள் இசையாக்கினார்கள். ஹைலைஃபின் வேர்களில் அது ஒன்று. கொடுக்கல் வாங்கல் அப்போதே தொடங்கிவிட்டது. முதலில் கொடுத்தவர் யார் என்று நீங்களும் நானும் ஒரு மாதம் சண்டைபோட்டாயிற்று.

இன்னொன்று. கெட்டஸ் கிரேஞ்சர் எடுத்துக்கொண்ட ‘டாகா’ என்ற பெயர் யாருடையது தெரியுமா? அதே மேற்கிந்தியப் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, 1837இல் டிரினிடாடின் செயின்ட் ஜோசஃபில் கலகம் செய்து சுட்டுக் கொல்லப்பட்ட ஆப்பிரிக்கச் சிப்பாயுடையது. நேற்று ராத்திரி இதைப் படித்துவிட்டு எழுந்து வாசலில் கொஞ்ச நேரம் நடந்தேன்.

ஜூலை 9

சின்னச் சேர்க்கை. நகமும் இப்போது சிவப்பதில்லை. ஐந்தாவது சுரம் வலப்பக்கம் மூன்றாவது தகட்டில் இருந்தது, நான் இடப்பக்கமே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது எட்டு வரை வருகிறது. அக்கா மகன் சனிக்கிழமை வருகிறான், பேஸ் அவன் பொறுப்பு.